திரையைப் பதிவு செய்யுமுன் அதைக் காலி செய்யுங்கள்

வகுப்புக் கட்டணத்தை ஒன்லைனில் செலுத்துவது எப்படி என்று கணினித் திரையைப் பதிவு செய்து, அதை ஒரு ஜிஃப் (சத்தமில்லாமல் ஓடும் சிறு படம்) ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவது கொழும்பில் இப்போது சர்வசாதாரணம். நல்ல காரியம்தான். ஆனால் இந்த வாரம் பார்க்கக் கிடைத்த ஒன்றில், பின்னால் திறந்து கிடந்த ஜன்னலில் வங்கி மீதி தெரிகிறது. மூலையில் வந்துபோன அறிவிப்பில் ஒரு பிள்ளையின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். எடுத்துச் சொன்னால் எல்லோரும் சொல்லும் அதே பதில்: "ஒரு செக்கன்தானே, யார் பார்க்கப் போகினம்?"

தயவுசெய்து இதை விளங்கிக்கொள்ளுங்கள். ஜிஃப் என்பது தனித்தனிப் படங்களின் அடுக்கு. செக்கனுக்கு 10 படம் என்று பதிவு செய்தால், ஐந்து செக்கன் நின்ற அறிவிப்பு 50 படங்களில் அப்படியே இருக்கும். ஸ்க்ரீன்டூகிஃப் போன்ற இலவச மென்பொருளில் அந்த பைலைத் திறந்தால் படங்கள் எல்லாம் கீழே வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதைத் தொட்டு ஆறுதலாக வாசிக்கலாம். இதற்கு ஹேக்கர் தேவையில்லை, பாடசாலைப் பிள்ளையே செய்யும்.

"மங்கலாக்கிவிட்டேன்" என்பவர்களுக்கும் ஒரு சொல். ஸ்க்ரீன்டூகிஃப்பின் எடிட்டரில் மங்கலாக்கல் தெரிவு செய்த படங்களுக்கு மட்டும்தான் விழும். முதலில் கண்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாப் படங்களையும் தெரிவு செய்யவேண்டும். அப்படிச் செய்தாலும், பக்கம் மேலே நகரும்போது இலக்கம் மங்கலுக்கு வெளியே வந்துவிடும். கட்டம் கட்டமாக மங்கலாக்கிய இலக்கங்களை ஒப்பிட்டு ஊகிக்கவும் வழியுண்டு. இருப்பதே பத்து உருவங்கள்தானே. மறைப்பதானால் கறுப்புப் பெட்டி போடுங்கள், இல்லையேல் அந்தப் படங்களை நீக்குங்கள். பத்து செக்கன் பதிவென்றால் திரும்ப எடுப்பதே சுகம்.

எடுக்குமுன் அறிவிப்புகளை நிறுத்துங்கள். மற்ற ஜன்னல்களை மூடுங்கள். பிரவுசரில் விருந்தினர் கணக்கைத் திறந்து, பொய்ப் பெயர், பொய் இலக்கத்தோடு செய்து காட்டுங்கள். ஸ்க்ரீன்டூகிஃப், அதைப் போன்ற லைஸ்கேப் இரண்டும் நீங்கள் திரையில் வைக்கும் பதிவுச் சட்டகத்துக்குள் தெரிவதை எல்லாம் பிடிக்கும். மேலே வந்து விழும் அறிவிப்பும் அதில் சேர்த்தி. திரையை வீடியோவாகப் பதியும் ஓபிஎஸ் ஸ்டூடியோவில் முழுத்திரையை விட்டு, ஒரு ஜன்னலை மட்டும் பிடிக்கும் வழியைத் தெரிவு செய்தால் அந்தத் தொல்லை இல்லை. மைக்கையும் மூடிவிடுங்கள். ஓபிஎஸ்ஸில் எம்கேவி என்ற வீடியோ பைல் வகையில் பதிந்து, பிறகு வழக்கமான எம்பி4 வகைக்கு மாற்றுங்கள். சாதாரண எம்பி4 பதிவு பாதியில் கரண்ட் போனால் பெரும்பாலும் திறக்காது.

பைல் பெருத்துவிட்டது என்று முறையிடுவோர் முழுத்திரையைச் செக்கனுக்கு 30 படத்தில் எடுத்தவர்கள். 800 பிக்சல் அகலம், செக்கனுக்கு 10 படம் தாராளம். ஜிஃப்பின் ஒரு படத்துக்கு 256 நிறம்தான். புகைப்படம், வீடியோ ஓடும் திரைக்கு எம்பி4தான் சரி.

கடைசியாக, இவை எல்லாமே இலவசம். கிராக் (பூட்டுடைத்த கள்ளப் பிரதி) தேடவேண்டாம். தேடலில் முதலில் நிற்கும் விளம்பர இணைப்பைத் தொடாமல், அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்துக்கே போய் இறக்குங்கள்.

அனுப்புமுன் பைலை எடிட்டரில் திறந்து ஒவ்வொரு படமாகப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. குழுவில் போட்டபின் எல்லோருக்கும் நீக்கினாலும், ஏற்கெனவே வேறெங்கோ அனுப்பப்பட்ட பிரதியை உங்களால் திரும்ப எடுக்க முடியாது.