சலங்கை கழற்றிய பின் எலும்பு எதை நினைவில் வைத்திருக்கிறது?

மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதியிருக்கும் வாசகி ஒருவர், 12 வயதில் பரதநாட்டியத்துக்குச் சலங்கை கட்டி 48 வயதில் மேடையை விட்டவர். இப்போது 61 வயதாகும் அவருக்கு அண்மையில் எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) முதுகெலும்பில் மைனஸ் 2.7 என்றும், தொடையெலும்பின் கழுத்தில் மைனஸ் 1.4 என்றும் வந்திருக்கிறது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய், என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த வரையறை. "முப்பத்தாறு ஆண்டுகள் தரையைத் தட்டிய உடம்புக்கு இது எப்படி வரும்?" என்று கேட்கிறார்.

ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரிக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதியதைக் கட்டுகின்றன என்பது பள்ளிப் பாடம். எங்கே கட்டுவது, எங்கே இடிப்பது என்று அவற்றுக்குச் சொல்வது யார் என்பதுதான் எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காத கதை.

கட்டும் செல்களில் சில, தாம் எழுப்பிய சுவருக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட்டுகளாக மாறுகின்றன. முதிர்ந்த எலும்பின் செல்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இவையே. ஒவ்வொன்றும் மயிரிழையினும் மெல்லிய பல கைகளை நுண்கால்வாய்கள் வழியே நீட்டி அண்டைச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்க, அக்கால்வாய்களில் திரவம் நிறைந்திருக்கிறது. தட்டடவில் பாதம் தரையில் அறையும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிகிறது. அந்த நெளிவில் திரவம் பிதுங்கி ஓடுகிறது. ஓட்டத்தின் உரசலை உணர்ந்த ஆஸ்டியோசைட், ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. எலும்பு கட்டும் வேலைக்கு அப்புரதம்தான் முட்டுக்கட்டை. 1892-இல் ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப், சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று எழுதியபோது இதெல்லாம் அவருக்குத் தெரியாது. இதே புரதத்தை முடக்கும் ரோமோசோசுமாப் என்ற மருந்துக்கு 2019-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

சுமை மாறும்போதுதான் திரவம் ஓடும். ஆகவே முழங்கால்களை மடக்கி அரைமண்டியில் அசையாமல் அமர்ந்திருப்பது தொடைத் தசைக்கு எவ்வளவு நல்லதோ, எலும்புக்கு அவ்வளவு செய்தி சொல்வதில்லை. முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலைத் தரையில் இறக்கும் குதித்து மெட்டடவு நிறையச் சொல்லும். அதைக் கேட்கும் எலும்பின் செவியும் விரைவில் களைத்துவிடுகிறது. ரூபின், லேனியன் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட சேவல் சிறகெலும்பு ஆய்வில், நாளுக்கு 36 முறை சுமை ஏற்றியதில் கிடைத்த வளர்ச்சிக்கு மேல் 1800 முறை ஏற்றியும் எதுவும் கூடவில்லை. அரை மணிக்கு மேல் நீளும் வர்ணத்தில், எலும்பைப் பொறுத்தவரை முதற் சில ஜதிகளிலேயே கச்சேரி முடிந்துவிடுகிறது போலும்.

வாசகியின் இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்பது இனி விளங்கும். பாதத்தில் பிறக்கும் அதிர்வு கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தேய்ந்துகொண்டே போய் முதுகை எட்டும்போது மெலிந்துவிடுகிறது. முதுகெலும்போ கடற்பாசி போன்ற உள்ளெலும்பு மிகுந்தது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிக்கும் செல்கள் நீண்ட நாள் வாழ்வதால், மேற்பரப்பு மிகுந்த அந்த எலும்பே முதலில் கரைகிறது. உடல் மெலிவுக்காக இளமையில் பட்டினி கிடந்து மாதவிடாய் தடைப்பட்டவர்களுக்குச் சேமிப்பே குறைவு. பூப்பெய்தத் தாமதமான இளம் பாலே கலைஞர்களிடம் முதுகு வளைவும் எலும்பு முறிவும் மிகுந்திருந்ததை மிஷல் வாரன் குழுவினர் 1986-இலேயே காட்டினார்கள். பாலே ஆடுவோரைப் பற்றி இத்தனை படிக்கக் கிடைக்கிறது. வெறுங்காலால் கல்தரையைத் தட்டும் நம் பெண்களைப் பற்றித் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. விழா எடுக்கும் சபாக்களும் புரவலர்களும் ஓர் ஆய்வுக்கும் பணம் ஒதுக்கலாம்.

ஆடியது வீணா? வாலிபத்தில் எலும்பு வெளிப்புறமாகப் பருக்கிறது. முதுமையில் பெரும்பாலும் உட்புறமிருந்து கரைகிறது. பேஸ்பால் வீரர்களின் எறியும் கையை ஆராய்ந்த ஸ்டூவர்ட் வார்டன் குழு, கூடுதல் நிறை பின்னர் மறைந்தாலும் கூடுதல் பருமனில் பாதியளவு வாழ்நாள் முழுதும் நிலைத்ததாக 2014-இல் தெரிவித்தது. அதே அளவு இரும்பில் செய்த அகலக் குழாய் ஒடுங்கிய குழாயைவிட எளிதில் வளையாது அல்லவா, அந்தக் கணக்குதான். அடர்த்தி எண் இந்த வடிவ லாபத்தை முழுமையாகச் சொல்வதில்லை.

செம்புக் காப்பு அணியலாமா என்றும் கேட்டிருக்கிறார். கைக்கு அழகு, எலும்புக்கு அதனால் ஒன்றுமில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த 1200 மில்லிகிராம் கால்சியத்தில், 100 கிராம் கேழ்வரகு ஏறக்குறைய 360 தரும். மைனஸ் 2.7 முதுகோடு குதிப்பதும், இடுப்பை முன்னே மடக்கிக் குனிவதும் வேண்டாம். மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்த பின், அவர் அனுமதித்தால், காலையில் சில தட்டுகளும் மாலையில் சில தட்டுகளுமாகப் பிரித்துத் தட்டடவைத் தொடரலாம்.