கல்முனை இரவு பஸ்ஸும் இரண்டு ஊர்ச் சேர்வர்களும்

பெருநாளுக்கு இன்னும் நான்கு நாள். கொழும்பில் வேலை பார்க்கும் கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று இளைஞர்கள் எல்லாரும் ஒரே இரவில் ஊர் திரும்பப் பார்க்கிறார்கள். டோஹாவில் இருக்கும் நானா அங்கிருந்தே தம்பிக்கு ஆசனம் பதிவு செய்கிறார். சூரிச்சில் இருக்கும் மகள், களுவாஞ்சிக்குடியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகவேண்டிய அம்மாவுக்கு ஆசனம் தேடுகிறாள். எல்லாருடைய கைப்பேசியும் கூப்பிடுவது ஒரே இணையப் பெயரை. அந்தப் பெயருக்குப் பின்னால், இந்தக் கட்டுரைக்காக நான் கற்பனை செய்துகொண்ட ஒரு பஸ் நிறுவனம் சேர்வர்கள் ஓடும் இரண்டு தரவு நிலையங்களை வைத்திருக்கிறது: ஒன்று கொழும்பில், மற்றது மட்டக்களப்பில். யாரை எந்த நிலையத்துக்கு அனுப்புவது, ஒன்று விழுந்தால் அடுத்ததற்கு எப்படித் திருப்புவது என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு உலகளாவிய சேர்வர் சுமைப் பங்கீடு என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் ஜி.எஸ்.எல்.பி. என்று சுருக்கிவிடுவார்கள்.

இரண்டு நிலையம் எதற்கு? வேகத்துக்காக என்றால் பணம் வீண். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் ஓடுகிறது. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் வீதி வழியே 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். போய்வர ஏறத்தாழ 3 மில்லிசெக்கன். மனிதக் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. சூரிச்சுக்காரியின் கணக்கு வேறு. ஐரோப்பா 8,000 கிலோமீற்றர் தொலைவு. நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் ஒருமுறை போய்வர 80 மில்லிசெக்கன் ஆகும். பாதுகாப்பான இணைப்பு ஒன்றைத் திறந்து முதல் எழுத்தைப் பெறுவதற்குள் வழக்கமாக மூன்று தடவை போய்வர வேண்டும். அவளுக்காக ஐரோப்பாவில் மூன்றாவது நிலையம் ஒன்று வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு. தீவுக்குள் இரண்டாவது நிலையம் வைப்பது உயிர் தப்புவதற்காக மட்டும். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் சுனாமியையும் கண்ட கிழக்குக் கரையில் இதை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நாள்தோறும் வரும் ஆபத்து அவ்வளவு பெரியதும் இல்லை: வீதி வேலைக்குக் குழி தோண்டும் இயந்திரம் ஒன்று இழையை அறுத்துவிட்டால் போதும்.

இந்த ஏற்பாடு உண்மையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். பயணிகளின் தரவெல்லாம் ஒரு பெரிய பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து இரண்டு ஊருக்கும் பிரிந்து போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பெட்டி இல்லை. இருந்தால் அது விழும்போது இரண்டு ஊரும் சேர்ந்தல்லவா விழும்? ஜி.எஸ்.எல்.பி. வேலை செய்வது அதற்கு ஒரு படி முன்னால், பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில். அந்த இடம் டி.என்.எஸ்., 1983இல் போல் மொகபெட்ரிஸ் வடிவமைத்த பெயர் முறைமை. கைப்பேசி பெயரைச் சொல்லிக் கேட்கிறது, ஐ.பி. முகவரி எனப்படும், சேர்வரின் எண் முகவரி பதிலாக வருகிறது. அதன்பின் கைப்பேசி நேரே அந்த முகவரிக்குப் போகிறது. ஜி.எஸ்.எல்.பி. செய்வதெல்லாம் அந்தப் பதிலில் எந்த ஊரின் முகவரியை வைப்பது என்று தெரிவுசெய்வது. சந்தியில் வழி சொல்லி அனுப்புபவரைப் போன்றது அது. கூடவே நடந்து வராது. சொன்ன பிறகு கூப்பிட்டுத் திருத்தவும் முடியாது.

அமைக்கும் முறை எளிது. நிறுவனத்தின் பெயர்ப் பதிவில் ‘பதிவு’ என்ற துணைப்பெயரை மட்டும் தனியே பிரித்து, அதற்குப் பதில் சொல்லும் அதிகாரத்தை இரண்டு ஊரிலும் இருக்கும் ஜி.எஸ்.எல்.பி. கருவிகளுக்குக் கையளிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அமைப்பு விபரங்கள் இருக்க வேண்டும். ஒன்றில் மாற்றி மற்றதில் மறந்தால், கேட்பவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் பதில் மாறும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனாலும் ஆச்சரியமில்லை. பிறகு தெரிவுமுறையைக் கொடுக்க வேண்டும்: மாறி மாறியா, இத்தனைக்கு இத்தனை என்ற எடைப்படியா, கிட்ட இருப்பது முதலிலா, எப்போதும் கொழும்பு, அது விழுந்தால் மட்டும் மட்டக்களப்பு என்றா.

‘கிட்ட இருப்பது’ என்ற தெரிவைத்தான் எல்லாரும் விரும்புகிறார்கள். அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். காரணம், ஜி.எஸ்.எல்.பி. பயணியைப் பார்ப்பதே இல்லை. காத்தான்குடியில் இருக்கும் ஒருவரின் கைப்பேசி நேரடியாகக் கேள்வி கேட்பதில்லை. அவருடைய தொலைபேசி நிறுவனத்தின் டி.என்.எஸ். சேர்வர் அவருக்காகக் கேட்கிறது. அந்த சேர்வர் கொழும்பில் இருந்தால், காத்தான்குடிக்காரர், சம்மாந்துறைக்காரர், திருக்கோவில்காரர் எல்லாரும் ஜி.எஸ்.எல்.பி.யின் கணக்கில் கொழும்புக்காரர்களே. கைப்பேசியில் கூகிளின் பொது டி.என்.எஸ். சேர்வரான 8.8.8.8ஐப் போட்டுவைத்திருப்பவர், கேள்வி கூகிளின் எந்த நாட்டு சேர்வர் வழியாக வந்ததோ அந்த நாட்டவராகிவிடுவார். இதைச் சரிசெய்யத்தான் 2016இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7871 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஒரு வழியை விவரித்தது: கேட்பவரின் முகவரியில் முன்பகுதியை மட்டும், வழக்கமாக முதல் 24 பிட்டுகளை, கேள்வியோடு சேர்த்து அனுப்புவது. கூகிள் அதை அனுப்புகிறது. கிளவுட்பிளேயர் நிறுவனத்தின் அதேபோன்ற சேவையான 1.1.1.1, பயனரின் அந்தரங்கம் கருதி, அனுப்புவதில்லை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அமைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது, இருப்பிடம் என்பது இங்கே ஊகம்.

தூரத்தையும் வரைபடத்தை வைத்து அளக்கக்கூடாது. சிங்கப்பூர் மட்டக்களப்புக்குக் கிழக்கே, வங்காள விரிகுடாவைக் கடந்து இருக்கிறது. ஆனால் இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும்தான் கரையேறுகின்றன. ஆகவே மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நின்று சிங்கப்பூரில் இருக்கும் சேர்வரைக் கூப்பிடுபவரின் தரவு, முதலில் கடலுக்கு முதுகைக் காட்டித் தீவைக் குறுக்கே கடந்துவிட்டுத்தான் கிழக்கே திரும்புகிறது. நல்ல ஜி.எஸ்.எல்.பி. கருவிகள் புவியியல் அட்டவணையோடு நிற்காமல், கேட்ட சேர்வருக்குப் போய்வரும் நேரத்தை அளந்தும் பார்ப்பது இதனால்தான்.

அடுத்தது, சொன்ன பதிலின் ஆயுள். ஒவ்வொரு பதிலோடும் ரி.ரி.எல். என்ற ஓர் எண் போகிறது: இத்தனை செக்கனுக்கு இதை நினைவில் வைத்திரு, பிறகு மறுபடி கேள் என்று பொருள். 30 என்று வைத்தோம் என்போம். நிலையத்தின் உடல்நலத்தை 5 செக்கனுக்கு ஒருமுறை சோதிக்கிறோம். மூன்று தடவை தொடர்ந்து பதில் வராவிட்டால்தான் விழுந்ததாகக் கொள்கிறோம். அப்படியானால் கொழும்பு இருண்ட 15ஆவது செக்கனில் பதில் மாறும், 45ஆவது செக்கனுக்குள் எல்லாரும் மட்டக்களப்புக்கு வந்துவிட வேண்டும். காகிதத்தில். நடைமுறையில் சில டி.என்.எஸ். சேர்வர்கள் சிறிய எண்ணை மதிக்காமல் தாமாகவே நீட்டிவைக்கின்றன. சில செயலிகள் ஒருமுறை கேட்ட முகவரியை மூடும்வரை விடுவதில்லை. ஏற்கெனவே திறந்த இணைப்பில் பணம் செலுத்திக்கொண்டிருப்பவர் மறுபடி பெயரைக் கேட்கவே போவதில்லை. எண்ணை 1 ஆக்கினாலும் இவர்கள் திருந்தப்போவதில்லை. கேள்விகள் மட்டும் பெருகும்.

இனி உடல்நலச் சோதனை. இதை ஒரு தெரிவுப்பெட்டியில் டிக் போட்டுவிட்டுக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். எனக்கு இந்த முறைமை முழுவதன் உயிர்நாடியே இதுதான் என்று படுகிறது. ‘இருக்கிறாயா’ என்று இயந்திரத்தை மட்டும் கேட்கும் ‘பிங்’ அடித்துப் பார்ப்பது மிக மேலோட்டமானது: தரவுத்தளம் செத்துக்கிடந்தாலும் இயந்திரம் பிங்குக்குப் பதில் சொல்லும். ஆகவே ஆழமாகச் சோதிப்போம், ஆசனம் இருக்கிறதா என்று உண்மையாகவே ஒரு தேடல் நடத்தி, பணம் செலுத்தும் வங்கிச் சேவையையும் தொட்டுப் பார்ப்போம் என்றால் எதிர்ப்பக்க ஆபத்து வருகிறது. வங்கிச் சேவை இரண்டு ஊருக்கும் பொது. அது ஒரு நிமிடம் தடுமாறினால் இரண்டு நிலையமும் ஒரே நேரத்தில் நோயாளியாகிவிடும். நேரஅட்டவணை பார்க்க வந்தவருக்கும் முகவரி கிடைக்காது. அமேசானின் ரூட் 53 என்ற டி.என்.எஸ். சேவை இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது: எல்லா இடமும் நலமற்றவை என்று சோதனை சொன்னால், எல்லாவற்றையும் நலமானவையாகவே கருதிப் பதில் சொல்லும். எல்லாரும் ஒரே நொடியில் செத்திருப்பதைவிடச் சோதனையே பிழையாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்ற அறிவு அதில் இருக்கிறது.

அந்த அறிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2021 ஒக்டோபர் 4 அன்று உலகமே பார்த்தது. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. பராமரிப்பு வேலையில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பை முழுவதுமாகத் துண்டித்துவிட்டது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சரிபார்ப்பு மென்பொருளில் ஒரு பிழை. உலகெங்கும் பரவியிருந்த அவர்களின் டி.என்.எஸ். சேர்வர்களுக்கு ஒரு விதி கொடுக்கப்பட்டிருந்தது: தரவு நிலையத்தோடு பேச முடியாவிட்டால் நீ நலமில்லை, இணையத்துக்கு உன் வழியை அறிவிப்பதை நிறுத்து. ஓர் இடம் மட்டும் கெட்டால் அது அருமையான விதி. அன்று எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் அந்த நிலை. எல்லா டி.என்.எஸ். சேர்வர்களும் இயங்கிக்கொண்டேயிருந்தன, ஒன்றையும் யாராலும் அடைய முடியவில்லை.

நம் பஸ் நிறுவனத்துக்கு இதைவிட நுட்பமான ஒரு கஷ்டம் காத்திருக்கிறது. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே உள்ள நிறுவனத்தின் சொந்த இணைப்பு மட்டும் அறுந்தது, இரண்டு ஊரும் பொது இணையத்தில் நன்றாகவே இருக்கின்றன என்று வையுங்கள். கொழும்புக் கருவி மட்டக்களப்பு செத்துவிட்டது என்று முடிவு செய்கிறது. மட்டக்களப்புக் கருவி கொழும்பைப் பற்றி அதையே நினைக்கிறது. கேள்வி எந்தக் கருவிக்குப் போகிறதோ அது தன் ஊரின் முகவரியைக் கொடுக்கிறது. பயணிகள் பாதிப்பாதியாகச் சிதறுகிறார்கள். டோஹா நானா 14ஆம் இலக்க ஆசனத்தைக் கொழும்பு நிலையத்தில் வாங்குகிறார். அதே ஆசனத்தை மருதமுனையில் ஒருவர் மட்டக்களப்பு நிலையத்தில் வாங்குகிறார். இருவருக்கும் டிக்கெட் வருகிறது, இருவரிடமும் பணம் எடுக்கப்படுகிறது. அன்றிரவு பஸ்ஸுக்குள் நடக்கப்போகும் வாக்குவாதத்தை எந்த ஜி.எஸ்.எல்.பி.யும் தீர்க்காது.

இது கவனக்குறைவால் வருவதன்று. வலையமைப்பு பிளவுபடும்போது, எல்லா இடத்திலும் ஒரே தகவல் இருப்பதையும் எல்லாருக்கும் பதில் கிடைப்பதையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது என்று கணினி விஞ்ஞானி எரிக் புரூவர் 2000இல் சொன்னார். 2002இல் கில்பேர்ட்டும் லிஞ்சும் அதை முறையாக நிரூபித்தார்கள். ஆகவே எதை விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நேரஅட்டவணைக்குப் பழைய தகவல் போனாலும் பாதகமில்லை, இரண்டு ஊரும் பதில் சொல்லட்டும். ஆசன விற்பனையை ஒரு ஊர் மட்டுமே எழுத வேண்டும். அது எந்த ஊர் என்று தீர்மானிக்க, கண்டியிலோ சிங்கப்பூரிலோ ஒரு சிறிய மூன்றாவது சாட்சி தேவை: மூன்றில் இரண்டு வாக்கு யாருக்குக் கிடைக்கிறதோ அவர் விற்கலாம், மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு இடத்தில் மட்டும் நடக்கும் வாக்கெடுப்பில் பெரும்பான்மை என்று ஒன்று வரவே வராது. அந்தச் சாட்சிக்குப் போகும் வழி, அறுந்த இழையையே நம்பியிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் இரண்டு இழைகளும் ஒரே பாலத்தின் மேல் போனால், விலைப்பட்டியலில்தான் அவை இரண்டு.

கொள்ளளவுக் கணக்கைப் பலர் கடைசியில்தான் போடுகிறார்கள். பெருநாள் இரவில் இரண்டு நிலையமும் 70 வீதம் சுமையோடு ஓடினால் எல்லாம் அழகாகத் தெரியும். ஒன்று விழுந்த கணத்தில் மற்றதன் மேல் 140 வீதம் ஏறும், அதுவும் விழும். இரண்டு நிலையம் என்றால் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே. மூன்று என்றால் மூன்றில் இரண்டுக்குக் கீழே.

டி.என்.எஸ்.ஐ நம்பாமல், ஒரே ஐ.பி. முகவரியைப் பல இடங்களிலிருந்து அறிவிக்கும் ‘எனிகாஸ்ட்’ என்ற வழியும் உண்டு. டி.என்.எஸ்.இன் உச்சியில் இருக்கும் இணையத்தின் 13 மூலப் பெயர்ச் சேர்வர்கள் உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளோடு இயங்குவது அப்படித்தான். குறுகிய கேள்வி பதிலுக்கு அது சிறந்தது. பாதிப் பணப்பரிமாற்றத்தில் வழி மாறிவிடக்கூடிய ஆசன விற்பனைக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்; ஜி.எஸ்.எல்.பி. கருவிகளை அடைவதற்கு மட்டும் பயன்படுத்துவேன்.

விழுந்த நிலையம் எழுந்ததும் தானாகவே பயணிகளைத் திருப்பி அனுப்பும் வசதியைக் கருவிகள் தருகின்றன. அதை நிறுத்திவைப்பதே நல்லது. கொழும்புக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதால் இடைப்பட்ட நேரத்தில் மட்டக்களப்பில் விற்ற ஆசனங்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன என்றாகாது. தரவு சமமான பிறகு ஒரு மனிதர் பார்த்து, எடையைப் பத்து வீதம், முப்பது வீதம் என்று படிப்படியாகக் கூட்டித் திருப்பட்டும். இந்த மாற்றம் முழுவதையும் பெருநாளுக்கு முன்பே, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டும். அன்று கொழும்பின் முகவரியைப் பதிலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த முகவரிக்கு இன்னும் யார் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சேர்வரின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். முதல் நிமிடத்தில் பெரும்பாலோர் போய்விடுவார்கள். மிஞ்சும் சிலர் மணிக்கணக்கில் வருவார்கள். அவர்களை மட்டக்களப்புக்குக் கடத்திவிட ஒரு சிறு இடைச்சேர்வரைக் கொழும்பில் விட்டுவைத்து, பதிவேடு வெறுமையான பிறகு அதை அணைக்கலாம்.