பெரியவர்களுக்கான எழுத்தறிவுத் திட்டம்: யார் சேரலாம், தேர்வு எப்படி?

15 வயது நிரம்பி, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் ‘புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட’த்தில் சேரலாம். மேல் வயது வரம்பு கிடையாது, கட்டணமும் கிடையாது. 2022 முதல் 2027 வரைக்கான இந்தத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கற்போர் மையம் பற்றி விசாரிக்கலாம். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான் பாடம் நடத்துகிறார்கள்.

விதி எளிதுதான். ஆனாலும் பலரைக் கூச்சம் தடுக்கிறது. “கண்ணாடியை மறந்துட்டேன், நீங்களே எழுதிடுங்க” என்று பேங்கில் சமாளித்தே காலத்தை ஓட்டியவருக்கு, தெரியாது என்று சொல்லிப் பெயர் கொடுப்பதே பெரிய விஷயம். பேரப்பிள்ளை வயதில் இருப்பவரிடம் பாடம் கேட்பது இன்னும் கஷ்டம். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து “இந்த வயசுல எதுக்கு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் விரல் வளையாது, எழுத்து மனதில் நிற்காது. தனக்கு மூளையே இல்லை என்று தோன்றும் நேரம் அது. அப்போது சொந்தப் பெயரை எழுதப் பழக்குங்கள். கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போட முடிந்ததும் பேச்சிலேயே தெம்பு வரும். அப்புறம் பஸ் போர்டு, மாத்திரை அட்டை, பிள்ளையின் ரேங்க் கார்டு என்று ஒவ்வொன்றாக அடுத்தவரைக் கேட்காமலே படிக்க முடியும். மதிப்பெண்ணைவிட இதுதான் பெரிது என்பேன்.

சரி, தேர்வுக்கு வருவோம். வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் தலா 50, மொத்தம் 150 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 33 சதவீதம், அதாவது 17 எடுத்தால் சான்றிதழ் உண்டு. எடுக்க முடியாதவர்களை ‘ஃபெயில்’ என்று முத்திரை குத்துவதில்லை. முன்னேற்றம் தேவை என்று குறிப்பிட்டு, மறுபடி எழுத வாய்ப்புத் தருகிறார்கள். பள்ளி என்றாலே பயந்தவர்களுக்காக யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடு இது.

எழுத்தோடும் எண்ணோடும் நின்றுவிடாமல் பணம் கையாளுதல், செல்போன் பயன்பாடு, சட்டம், உடல்நலம் பற்றிய அடிப்படைகளும் இத்திட்டத்தில் அடக்கம். மேலே படிக்க விரும்புகிறவர்களுக்குச் சமநிலைக் கல்வியும், அதாவது பள்ளி வகுப்புகளுக்கு இணையான படிப்பும் இருக்கிறது. பெயர் கொடுக்கும்போதே இதையும் கேட்டு வையுங்கள்.