தொட்டி ஒழுகுகிறதா, வியர்க்கிறதா?

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் நாரோபோட், சுமார் இரண்டு மீட்டர் அகலமே உள்ள எஃகுப் படகு. இவற்றில் பலவற்றுக்குக் குடிநீர்த் தொட்டி முகப்பில் இருக்கும். படகின் வெளித்தகடே அதன் பக்கச்சுவர். அறைப் பக்கம் ஒரு தகட்டைப் பற்றவைத்து அடைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் அந்தத் தகட்டின் அடியில் ஈரம் தேங்கினால், வெல்டிங் விட்டுவிட்டது என்று பலரும் தொட்டியைக் காலிசெய்யப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் தகட்டைத் துடைத்துவிட்டு, மறுபடி வழியும் நீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்து, நீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். கசிவு என்றால் தொட்டி நீரின் அளவே காட்டும். காற்றிலிருந்து படிந்த நீரில் உப்பு இல்லாததால் அளவு மிகக் குறைவாக வரும்.

அறை 20 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 13 டிகிரி. உள்ளே நிற்கும் தண்ணீரோ 8 டிகிரி. தகடு வியர்க்காமல் என்ன செய்யும்? சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து ஈரப்பதம் 80 ஆனால் பனிநிலை 16-ஐத் தாண்டிவிடும். அடுப்பில் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தாலே 1.6 கிலோ நீராவி வருகிறது.

தொட்டியைச் சூடாக்கலாமே என்று தோன்றும். 400 லிட்டரை 10 டிகிரி உயர்த்த 4.6 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த வெப்பமும் வெளித்தகடு வழியே கால்வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கும். குடிநீர் 20 டிகிரிக்கு மேல் தேங்கி நின்றால் லெஜியோனெல்லா கிருமி பெருகும் ஆபத்து வேறு. ஆகவே தண்ணீர் குளிராகவே இருக்கட்டும். அறைக்காற்று தகட்டைத் தொடாமல் தடுப்பதே வழி.

அதற்கு ஏற்றது, ஏசி குழாய்களில் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம். அதன் நுண்ணறைகள் மூடியவை. நீராவி எளிதில் ஊடுருவாது. ஈரப்பதம் 80-இல் 10 மி.மீ. ஃபோமின் வெளிப்பரப்பு 16 டிகிரியை ஒட்டியே நிற்கும், அதாவது அதுவும் வியர்க்கும். 19 மி.மீ. போட்டால் 17.5 டிகிரிக்கு மேல் இருக்கும். கண்ணாடிக் கம்பளி இங்கே கூடவே கூடாது. காற்று அதற்குள் புகுந்து தகட்டிலேயே நீராகும். கம்பளி ஊறி, பின்னால் துரு மறைவாக வளரும்.

ஒட்டுவதற்கு முன் தொட்டியைக் காலிசெய்து, தகடு அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். ஈரத்தகட்டில் பசை பிடிக்காது. துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்து, எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். பசையின் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, கேஸ் இரண்டையும் அணைத்து ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஃபோமைத் தேவைக்கு 5 மி.மீ. கூடுதலாக வெட்டி, இரு பரப்பிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் இழுக்காமல் அழுத்துங்கள். இழுத்து ஒட்டினால் பின்னால் சுருங்கி இணைப்பு பிளக்கும். விளிம்புகளுக்கும் பசை வேண்டும்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம், தகட்டில் பற்றவைத்த ஆங்கிள் இரும்பு. ஃபோமுக்கு வெளியே ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது குளிரை அறைக்குள் கொண்டுவந்து சொட்டும். அதையும், வெளியேறும் குழாயின் முதல் அரை மீட்டரையும் சுற்றிவிடுங்கள்.

ஈரத்தைக் குறைக்க ஜன்னலைத் திறப்பது நல்லது. குளிர் தாங்காமல் காற்றுத் துளைகளை அடைப்பது மட்டும் வேண்டாம். விறகு அடுப்புள்ள படகில் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

முதல் குளிர் வாரத்தில் இணைப்புகளைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு கோடு மட்டும் ஈரமாக இருந்தால் அங்கே காற்று புகுகிறது. மேலே டேப் ஒட்டி மறைக்காமல், அந்த இணைப்பைப் பிரித்து உலர்த்தி மறுபடி ஒட்டுங்கள்.