ஹோக்ஸ்ட் 33342: உயிருள்ள செல்லுக்கான உட்கருச் சாயம்

உயிருள்ள செல்லின் உட்கருவை நுண்ணோக்கியில் ஒளிரச் செய்து காட்டும் சாயம் ஹோக்ஸ்ட் 33342. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, எப்போது பயன்படுத்துவது என்று பார்ப்போம். ஹோக்ஸ்ட் என்பது ஓர் ஊர்ப்பெயர். ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரையில் இருந்த ஊர். 1928இல் பிராங்பர்ட் நகரோடு சேர்ந்துவிட்டது. 1863இல் அங்கே தொடங்கிய சாயத் தொழிற்சாலை பிற்பாடு மருந்து நிறுவனமாக வளர்ந்து, ஊரின் பெயரையே தாங்கிக்கொண்டது. அவர்கள் தங்கள் சேர்மங்களுக்கு இட்ட வரிசை எண்களில் ஒன்றுதான் 33342. அலைநீளமோ மூலக்கூறு எடையோ அல்ல.

ஊர்ப்பெயரைத் தமிழாக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இது எந்த வகைப் பொருள் என்பதற்குத்தான் சரியான சொல் வேண்டும். உட்கருச் சாயம் என்பதே பொருத்தம். நிறமி என்றால் பச்சையம், மெலனின் போல உடலில் தானாக உண்டாவது. சாயம் நாம் வெளியிலிருந்து ஏற்றுவது. அணுக்கருச் சாயம் என்று எழுதினால் பொருள் இயற்பியலுக்குப் போய்விடும். செல்லைக் கலம் என்றும் உட்கருவைக் கரு என்றும் சொல்லும் இலங்கைத் தமிழில் 'கருச்சாயம்' இயல்பாக வரும்.

சரி, உட்கருவுக்குப் பரவலாகப் பயன்படும் இன்னொரு சாயமான டாப்பி (DAPI) ஏன் கூடாது? வேதிப்பொருளால் பதப்படுத்திய, உயிரற்ற செல்லுக்கு அது அருமையான சாயம். உயிருள்ள செல்லின் சவ்வைத்தான் எளிதில் தாண்டாது. ஹோக்ஸ்ட் 33342இல் ஈத்தாக்ஸி என்ற, கொழுப்போடு ஒத்துப்போகும் ஓர் அணுத்தொகுதி இருக்கிறது. அதனால் கொழுப்புச் சவ்வைச் சுலபமாகக் கடக்கும். உள்ளே போய் டி.என்.ஏ.வின் சிறு பள்ளத்தில், அடினைன்-தைமின் மிகுந்த இடங்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகுதான் பளிச்சென்று ஒளிரும் என்பதால் கழுவாமலேயே படம் எடுக்கலாம். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவாக, 37 டிகிரியில் பத்து இருபது நிமிடம் போதும்.

சிக்கல் ஒளியில் இருக்கிறது. இந்தச் சாயம் நன்றாக உறிஞ்சுவது சுமார் 350 நானோமீட்டரில். கன்ஃபோகல் எனும் லேசர் நுண்ணோக்கியில் வழக்கமாக இருப்பதோ 405 நானோமீட்டர் லேசர். அது உறிஞ்சலின் ஓரத்தைத்தான் தொடுகிறது. படம் மங்கலாக வரும்போது லேசரைக் கூட்டத்தான் கை போகும். கூட்டினால் சாயம் ஒட்டிய டி.என்.ஏ. சேதமாகும், செல் பிரியாமலே நின்றுவிடும். பிரிவதைப் பார்க்கவே உட்கார்ந்தவருக்கு அப்புறம் அந்தப் படத்தால் என்ன பயன்?

ஓரிரு படங்களுக்கு ஹோக்ஸ்ட் போதும். மணிக்கணக்கில் தொடர்ந்து எடுப்பதாக இருந்தால் எஸ்.ஐ.ஆர்-டி.என்.ஏ. (SiR-DNA) என்ற சாயம் மேலானது; அது அதே ஹோக்ஸ்டோடு சிலிக்கான் ரோடமைன் என்ற இன்னொரு ஒளிர்சாயத்தை இணைத்தது, செம்மை ஒளியில் வேலை செய்யும். ஜீனை உள்ளே செலுத்த வசதியிருந்தால் ஒளிர்புரதம் பூட்டிய ஹிஸ்டோன் எச்2பி (டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்று) இன்னும் நல்லது. எதை எடுத்தாலும், சாயமேற்றாத, ஒளிபடாத செல்களை ஒரு கிண்ணத்தில் பக்கத்திலேயே வளர விடுங்கள்; இரண்டும் ஒரே வேகத்தில் பிரிகின்றனவா என்று பார்த்த பிறகே படத்தை நம்புங்கள்.