திரிந்தது, கெட்டதன்று: ‘உருத்திரிந்த அணுக்கரு’

விடுமுறைக்குக் கேப் டவுனிலிருந்து தங்கை மகள் டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த்துக்கு வந்திருந்தாள். அணுக்கரு இயற்பியலில் முதுகலை படிக்கிறாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பத்து நிமிடம் தன் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னேன். ஒத்துக்கொண்டவள் தலைப்பிலேயே மாட்டிக்கொண்டாள். “மாமா, டிஃபார்ம்ட் நியூக்ளியஸ் என்பதற்குத் தமிழில் என்ன?”

நியூக்ளியஸ் சிக்கல் இல்லாத சொல். லத்தீனில் அது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. நமக்கு முட்டையிலும் கரு உண்டு, கதையிலும் கரு உண்டு. அணுவின் நடுவிலும் கரு இருந்துவிட்டுப் போகட்டும். தகராறு முன்னால் நிற்கும் அடைமொழியில்தான். அவளுடைய கைப்பேசி ‘உருக்குலைந்த’ என்று காட்டியது. விபத்தில் நசுங்கிய காருக்குப் போடுகிற சொல் அது.

“நசுங்கவெல்லாம் இல்லை மாமா, அது பிறந்ததே அப்படித்தான்” என்றாள் அவள். இந்தச் சொல்லுக்குப் பொருள் தேட அதைவிடத் தெளிவான தொடக்கம் கிடையாது.

அணுக்கரு என்றால் உருண்டை என்றே பள்ளியில் படம் போட்டுப் பழகிவிட்டோம். சில கருக்கள் உண்மையிலேயே உருண்டைதான். 82 புரோட்டானும் 126 நியூட்ரானும் கொண்ட ஈயம்-208 அப்படிப்பட்டது. 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற ‘மாய எண்கள்’ வரும்போது, துகள்கள் அமரும் ஆற்றல் அடுக்குகளான ‘கூடுகள்’ நிரம்பி, கரு கோளமாக அமைகிறது. இந்த எண்களுக்கு நடுவில், பாதி நிரம்பிய கூடுகளோடு நிற்கும் எர்பியம், டிஸ்ப்ரோசியம், யுரேனியம் போன்றவற்றின் கருக்கள் பெரும்பாலும் நீண்டிருக்கின்றன. யாரும் அவற்றை அழுத்தவில்லை, இழுக்கவில்லை. வெளிக்கூட்டில் ஓடும் துகள்கள் மொத்தக் கருவையும் தம் பாதையின் போக்குக்கு வளைத்துக்கொள்கின்றன. ஆற்றல் மிகக் குறைந்த, ஓய்ந்த நிலையிலேயே அவற்றின் உருவம் அதுதான்.

1935-இல் ஷூலர், ஷ்மிட் என்ற இருவர் யூரோப்பியம் என்ற தனிமம் விடும் ஒளியைப் பிரித்து அதன் நிறமாலைக் கோடுகளை ஆராய்ந்தபோது, கரு கோளமாக இருந்தால் வர வேண்டிய இடத்திலிருந்து கோடுகள் சற்று விலகியிருப்பதைக் கண்டார்கள். காரணத்தை 1950-இல் ரெயின்வாட்டர் எடுத்துச் சொன்னார். ஆகே போரும் மோட்டல்சனும் அதை முழுக் கோட்பாடாக வளர்த்தார்கள். மூவருக்கும் 1975-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உருவம் எப்படியிருக்கும் என்று கேட்டால், தென்னாப்பிரிக்காவில் பதில் கையிலேயே இருக்கிறது: ரக்பி பந்து. ஆனால் அளவு பொருந்தாது. ரக்பி பந்தின் நீளம் ஏறத்தாழ 29 செ.மீ., குறுக்கு 19 செ.மீ.; ஒன்றரைக்கு ஒன்று. எர்பியம் போன்ற கருவில் இந்த விகிதம் 1.3-க்கு 1 அளவில்தான். பந்தைவிடக் கொஞ்சம் குண்டு. இந்த வடிவத்தை நீள்கோளம் என்கிறோம். இட்லி மாதிரி தட்டையானவையும் உண்டு, அது தட்டைக்கோளம்.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘ஃபார்மா’ உருவம், ‘டே’ விலகல். ‘டேஃபார்மிஸ்’ என்றால் அவலட்சணம். அந்த நெடி ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கிறது. இயற்பியலார் அதைத் துடைத்துவிட்டு, கோளத்திலிருந்து விலகியது என்ற அளவோடு எடுத்துக்கொண்டார்கள். ‘உருக்குலைந்த’ என்று மொழிபெயர்த்தால் அவர்கள் துடைத்த அழுக்கை நாம் திரும்பப் பூசுகிறோம். ‘உருமாறிய’ பரவாயில்லை, ஆனால் கொரோனாக் காலத்துக்குப் பிறகு அதைக் கேட்டால் வைரஸ்தான் நினைவுக்கு வருகிறது. அதோடு, முன்பு வேறாக இருந்து பிறகு மாறியது என்ற பொருளும் வந்துவிடுகிறது. ‘கோளமல்லாத’ பிழையில்லை, ஆனால் என்ன இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

நான் சொன்னது ‘உருத்திரிந்த’. உடனே அடுக்களையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: “பால் திரிந்தால் கொட்டத்தானே செய்வோம் அண்ணா?”

நியாயமான கேள்விதான். ஆனால் நன்னூல் இந்த வழக்கை எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறது. ‘தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்’ என்று புணர்ச்சி மாற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது அது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். ‘ன்’ ‘ற்’ ஆனது திரிதல். மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். ‘ம்’ போனது கெடுதல். ஆக இலக்கணத்தில் திரிவது வேறு, கெடுவது வேறு. பொற்குடத்தில் எதுவும் குறையவில்லை. சேர்ந்த இடத்துக்கு ஏற்றபடி வடிவம் அமைந்தது, அவ்வளவே. உருத்திரிந்த கருவும் தன் துகள்களின் சேர்க்கைக்கு ஏற்றபடி அமைந்ததுதான். (அந்த நூற்பாவிலேயே இருக்கும் ‘விகாரம்’ இன்று அசிங்கம் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. பாவம்.)

டர்பன்காரருக்கு இன்னும் பக்கத்திலேயே சான்று உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் வந்ததிலிருந்து, எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி பதிவேட்டில் எழுதிய பெயர்களோடுதான் வாழ்கிறோம். முதலி ‘மூட்லி’ ஆனது, கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனது. அவை திரிந்த பெயர்கள். கெட்ட பெயர் என்று எந்த மூட்லியிடமாவது சொல்லிப் பாருங்கள். தங்கை அதற்கு மேல் வாதாடவில்லை. அவள் புகுந்த வீடும் மூட்லி வீடுதான்.

அப்புறம் அவள் கேட்ட அடுத்த சொல், ‘எக்ஸைட்டட் ஸ்டேட்’. ‘கிளர்ச்சி நிலை’ என்று எழுதுவோர் உண்டு. இந்த நாட்டில் கிளர்ச்சி என்றால் தெருவில் எரியும் டயர் நினைவுக்கு வரும். ‘கிளர்வு நிலை’ போதும். கிளர்தல் மேலெழுவது. ஆற்றல் மிகக் குறைந்த அடிநிலையில் கிடக்கும் கரு ஆற்றலை வாங்கிக் கிளர்கிறது. காமாக் கதிராக அதை விட்டுவிட்டு அடங்குகிறது.

இந்த இரண்டு சொற்களும் சந்திக்கும் இடம்தான் எனக்குப் பிடித்தது. புள்ளி ஒன்றுகூட இல்லாத வழவழப்பான கோளத்தைச் சுழற்றினால், சுழல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது. குவாண்டம் இயற்பியல் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்ட சுழற்சியே கிடையாது என்கிறது. நீள்கோளம் குட்டிக்கரணம் அடித்தால் தெரியும். அதனால் உருத்திரிந்த கருவுக்கு மட்டுமே சுழற்சிக் கிளர்வு நிலைகள் வாய்க்கின்றன. அவற்றின் ஆற்றல் ஒழுங்கான வரிசையில் ஏறும்: முதல் நிலை 1 என்றால் அடுத்தது 3.33, அதற்கடுத்தது 7. யுரேனியம்-238-இல் அளந்த நிலைகள் 44.9, 148.4, 307.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (கருவின் ஆற்றலை அளக்கும் அலகு). வகுத்துப் பாருங்கள், 3.31, 6.84 என்று வரும். ஏட்டுக் கணக்குக்கு எவ்வளவு நெருக்கம்! சுழலாமல் கோளமாக அதிரும் கருவில் இரண்டாவது எண் 2-ஐ ஒட்டியிருக்கும். ஈயம்-208 இதில் எதிலும் சேராது. அதை முதல் படிக்குக் கிளர்த்தவே 2,600 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும்.

ஆக, கருவின் உருவத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அது அடங்கும்போது விடும் கதிர்களிலிருந்து கணிக்கிறார்கள். கேப் டவுனுக்கு வெளியே ஃபோர் என்ற ஊரில் உள்ள இதெம்பா ஆய்வகத்தில் இந்த வேலை நடக்கிறது. இதெம்பா என்றால் சூலு, கோசா மொழிகளில் நம்பிக்கை. சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கி கொடுக்கும் கற்றை இலக்கில் மோதும். உண்டான கரு வேகமாகச் சுழன்று, படிப்படியாக இறங்கும். வரும் காமாக் கதிர்களை, இலக்கைச் சுற்றி நிற்கும் ‘அஃப்ரோடைட்டி’ உணர்விகள் பிடிக்கும். கோடுகள் ஏறக்குறையச் சம இடைவெளியில், சீப்பின் பல் போல நின்றால், கரு உருத்திரிந்து சுழல்கிறது.

1986-இல் இங்கிலாந்தின் டார்ஸ்பரியில் டிஸ்ப்ரோசியம்-152-இல் மிக நெருக்கமான பற்கள் கொண்ட ஒரு சீப்பு கிடைத்தது. மிக வேகமாகச் சுழலும்போது அந்தக் கரு 2-க்கு 1 என்று நீண்டுவிடுகிறது. ரக்பி பந்து தோற்றது. சூப்பர்கண்டக்டரை மீகடத்தி என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதே வழியில் இந்த ‘சூப்பர்டிஃபர்மேஷனை’ ‘மீயுருத்திரிபு’ எனலாம். வாயில் நுழையச் சற்றுச் சிரமம்தான், பழகிவிடும்.

“ரேடியம்-224 ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கிறதாம் மாமா, 2013-இல் உறுதி செய்தார்கள். அதற்கு என்ன சொல்?” என்றாள் அவள்.

தட்டில் கேப் மாகாணத்துப் பேரிக்காய் இருந்தது. ‘பேரிக்காய்க் கரு’ என்று எழுதிக்கொண்டாள்.