சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்: எல்லையோர மாவட்டம் ஒன்றுக்குச் சென்னையிலிருந்து கணக்குப் போடுவோர் கவனத்துக்கு

பொதுச் சுகாதாரத் திட்டங்களுக்கான நிலவரைபடங்களையும் மக்கள்தொகைக் கணக்குகளையும் தயாரிப்பது என் தொழில். சென்னையில் அமர்ந்தபடியே, நாங்கள் காலடி வைக்காத மாவட்டங்களுக்கும் எத்தனை சுகாதார நிலையங்கள், எத்தனை செவிலியர்கள், எத்தனை தடுப்பூசிக் குப்பிகள் வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். அந்த வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை எனக்கு உணர்த்தியது, பாகிஸ்தானுடன் 450 கி.மீ.க்கும் அதிகமான எல்லையைக் கொண்ட ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் பரப்பு 38,401 சதுர கி.மீ.; மக்கள் 6,69,919 பேர், அதாவது சராசரியாகச் சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். கேரள மாநிலம் முழுவதும் ஏறத்தாழ இதே பரப்புதான், ஆனால் அங்கே 3.34 கோடிப் பேர் வாழ்ந்தார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான ஒப்பீடு நீலகிரி. அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டமாக இருந்த நீலகிரியில் 7,35,394 பேர் இருந்தார்கள். அதைவிடச் சற்றுக் குறைவான மக்களை ஏறக்குறைய 15 மடங்கு நிலத்தில் பரப்பி வைத்தால் கிடைப்பது ஜெய்சல்மேர்.

இனி நாங்கள் கையாளும் விதியைப் பாருங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலை, பழங்குடி, பாலைவனப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாடு முழுவதும் வழங்கும் அளவுகோல். சலுகை தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையை 3,000-ஆல் வகுத்தால் 223 நிலையங்கள் வரும். பரப்பை அந்த 223-ஆல் வகுத்தால் ஒரு நிலையத்தின் பங்குக்கு 172 சதுர கி.மீ. விழும். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 175 சதுர கி.மீ. அதாவது 46 லட்சம் பேர் வாழ்ந்த பழைய சென்னை அளவுக்கு விரிந்த நிலத்தை ஒரு துணை நிலையத்தின் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு, விதியை முழுமையாக நிறைவேற்றிவிட்டதாக அறிக்கை எழுத முடியும். இது காகிதக் கணக்கு. உண்மையில் உள்ள நிலையங்களின் எண்ணிக்கை அல்ல. ஆனால் ஒதுக்கீடுகள் தொடங்குவது இத்தகைய காகிதத்தில்தான்.

சராசரி மறைக்கும் அடுத்த செய்தி, மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது. நூற்றுக்குப் பதின்மூன்று பேர் ஜெய்சல்மேர், பொக்ரான் ஆகிய இரண்டு நகரங்களில் வாழ்கிறார்கள். இந்திரா காந்தி கால்வாயின் நீர் எட்டிய மோகன்கர், நாச்னா பகுதிகளில் விவசாயக் குடியேற்றங்கள் உருவாகியிருக்கின்றன. மணல்மேடுகளும் ராணுவப் பயிற்சிக் களங்களும் பாலைவனத் தேசியப் பூங்காவும் பெரும் நிலப்பரப்பை எடுத்துக்கொள்கின்றன. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் திரிந்த கானமயில் என்ற பறவைக்கு இன்று எஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடம் அந்தப் பூங்காவும் அதைச் சுற்றியுள்ள நிலமும்தான். மற்ற இடங்களில் குடும்பங்கள் 'டாணி' எனப்படும் சிறு குடியிருப்புகளில், சில வீடுகளாக, தத்தம் வயலையும் கிணற்றையும் ஒட்டிச் சிதறி வாழ்கின்றன.

என் பிழை இங்கேதான் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒவ்வொரு வருவாய்க் கிராமத்தையும் ஒரே புள்ளியாகக் குறித்து, சுகாதார நிலையங்களைச் சுற்றி ஐந்து கி.மீ. வட்டங்கள் வரைந்து, வட்டத்துக்குள் புள்ளி விழுந்த கிராமத்தினர் அனைவருக்கும் சேவை எட்டுவதாக எழுதினேன். அந்தப் பகுதியில் பணியாற்றிய களப்பணியாளர் ஒருவர் தொலைபேசியில், அந்தப் புள்ளி ஊரின் பெயரை மட்டுமே குறிக்கிறது என்றும், அவ்வூரின் டாணிகள் பல கி.மீ. தள்ளி இருக்கின்றன என்றும், இடையில் இருப்பது வண்டி செல்லாத மணல் என்றும் பொறுமையாக விளக்கினார். எங்கள் கணக்கில் சேவை எட்டியவர்களாகக் காட்டப்பட்டிருந்த குடும்பங்களுக்கு அது எட்டவே இல்லை.

எல்லையோரம் என்பதால் இன்னொரு குறையும் சேர்கிறது. சென்னையின் விளிம்பில் இருப்பவருக்குத் திருவள்ளூரிலோ செங்கல்பட்டிலோ உள்ள மருத்துவமனை அருகில் இருந்தால் அங்கே போய்விடலாம். ஜெய்சல்மேரின் மேற்கு விளிம்பில் இருப்பவருக்கு அண்டை மாவட்டம் என்று ஒன்று அந்தத் திசையில் இல்லை. எல்லைக்கோட்டருகே அமைக்கும் நிலையத்தைச் சுற்றி நாம் வரையும் வட்டத்தில் பாதி, வேலிக்கு அப்பால் விழுந்து வீணாகிறது. எந்த மென்பொருளும் இதைத் தானாகக் கழித்துத் தருவதில்லை. வரைபவர்தான் கழிக்க வேண்டும்.

தடுப்பூசிக் குப்பியின் கதை இதைவிட நுட்பமானது. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 25 பிறப்பு என்று வைத்துக்கொண்டால், 3,000 பேருக்கு 75 குழந்தைகள், அதாவது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் குப்பியில் பத்துத் தவணை மருந்து இருக்கிறது. கரைத்து நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தாததைக் கொட்டிவிட வேண்டும். சென்னையில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் ஒரு காலையிலேயே தீர்ந்துவிடக்கூடிய குப்பி, அங்கே ஒரு குழந்தைக்குப் போட்டபின் மீதமாகிறது. அறிக்கையில் அது 'விரயம்' என்று சிவப்பு நிறத்தில் தெரிகிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் போகிறது. அடுத்த முறை ஒற்றைக் குழந்தைக்காகக் குப்பியைத் திறக்கச் செவிலியர் தயங்கினால், அந்தத் தயக்கத்தை உண்டாக்கியவர்கள் அறிக்கை தயாரித்த நாங்கள். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே சரியான நடைமுறை. ஆகவே, மக்கள் அடர்த்தி குறைந்த மாவட்டங்களுக்கு விரய வரம்பைத் தனியாக வகுக்க வேண்டும் என்று நான் விடாமல் வற்புறுத்தி வருகிறேன்.

மேலே சொன்ன எண்கள் யாவும் 2011-ஆம் ஆண்டுக்குரியவை என்பதையும் மறக்கக் கூடாது. 2001-இல் 5,08,247 ஆக இருந்த இம்மாவட்ட மக்கள்தொகை அடுத்த பத்தாண்டில் 32 விழுக்காடு உயர்ந்தது. மாநிலத்தின் வளர்ச்சியோ 21 விழுக்காடுதான். மாநில வளர்ச்சி விகிதத்தை எல்லா ஊர்களுக்கும் ஒரே சீராகப் போட்டு இன்றைய மக்கள்தொகையை ஊகிப்பவர்கள், கால்வாய்க் குடியேற்றங்களில் குறைவாகவும் வறண்ட மேய்ச்சல் பகுதிகளில் கூடுதலாகவும் காட்ட நேரிடும். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஊர்வாரி விவரங்கள் கைக்கு வரும்வரை பழைய எண்களைத்தான் கையாள வேண்டியிருக்கும்.

சில மலை, பாலைவன மாவட்டங்களில் தலைக்கணக்குக்குப் பதிலாக, குடியிருப்பிலிருந்து அரை மணி நேர நடையில் துணை நிலையம் என்ற அளவுகோலைக் கையாள இடமளிக்கப்பட்டிருக்கிறது. நேரத்தை அளவாகக் கொள்வது சரியான திசை. அதைச் செயல்படுத்த முதலில் டாணிகளின் இருப்பிடப் பட்டியல் வேண்டும். அதனால் இப்போது இத்தகைய மாவட்டம் ஒன்றின் கோப்பு என் மேசைக்கு வந்தால், மக்கள்தொகை அட்டவணையைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் களத்துக்கு அனுப்புகிறேன்: குடியிருப்புகள் எந்தெந்தக் கிணற்றையோ கால்வாயையோ ஒட்டி இருக்கின்றன, வண்டி எதுவரை செல்லும், வறட்சி ஆண்டில் மந்தைகளோடு எந்தக் குடும்பங்கள் எந்த மாதங்களில் ஊரில் இருப்பதில்லை. பதில் வந்து சேர மூன்று வாரம் ஆனாலும், அதற்குப் பிறகே முதல் வட்டத்தை வரைகிறேன்.